கனம் குறைந்த படம்

ஜூன் 3, திங்கள்

நாள் முழுக்கத் திரையில் ஒரு வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கும் சம்பளம் தருகிறார்கள்.

கீழநெடுங்கரை புறவழிச்சாலைக்காக ட்ரோன் பையன்கள் எடுத்த வான்படம் இன்று வந்து சேர்ந்தது. மேலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டிய ஒரே பெரிய படம். டிஃப் வடிவம், நாற்பது ஜிபி. சாலை வடிவமைக்கும் மென்பொருளுக்குள் அதைக் கொண்டுவந்ததும் கணினி மூச்சடைத்து நின்றுவிட்டது. சுட்டியை அசைத்தால் வட்டம். பெரிதாக்கினால் வட்டம். கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் வட்டம்.

"என்ன மங்கை, படம் தெறந்துச்சா?" என்று கண்ணாடி அறையிலிருந்து ஞானதுரை சார் குரல் கொடுத்தார். நிறுவனம் அவருடையது, அவசரமும் அவருடையது.

"கண்ணு முழிச்சிருச்சு சார். இன்னும் எந்திரிக்கல."

திறந்தபோது மட்டும் அசந்துபோனேன். என்ன படம்! கரிசல் நிலத்தில் மாட்டுவண்டித் தடம் தெரிகிறது. ஒரு கல்நார்க் கூரை வீட்டின் வாசலில் கொடி கட்டி, வெள்ளைச் சட்டையும் ஊதாப் பாவாடையுமாக வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொத்தப் பேரும் அந்த ஒரு வீட்டில்தான் குடியிருக்கிறார்களோ என்று சிரித்துக்கொண்டேன்.

ஏப்ரலில் என்னை வடிவமைப்புப் பிரிவின் தலைவி ஆக்கினார்கள். என் கீழ் இப்போதைக்கு ஒரு பிரிண்டர் இருக்கிறது. இந்த வேலையை நன்றாக முடித்துக் காட்ட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

வீட்டில் தண்ணீர் மோட்டார் பழுது. மெக்கானிக் நாளைக்கு வருகிறாராம்.

ஜூன் 4, செவ்வாய்

மெக்கானிக் வரவில்லை.

எந்த வடிவத்தில் படத்தைச் சுருக்குவது என்பதுதான் இன்றைய பாடு. ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே என் வீட்டுக்காரர் அழகருக்கு விளக்கினேன். டிஃப் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காது, அதனால்தான் அந்தக் கனம். ஜேபெக் லேசு. ஆனால் துணியைத் துவைக்கிற மாதிரி, ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கொஞ்சம் சாயம் போகும். அதோடு, படம் பூமியில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்கிற முகவரி ஜேபெக்குக்குள் இருக்காது. தனியாக ஒரு சின்னக் கோப்பு கூடவே வர வேண்டும். ஈசிடபிள்யூ என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. நன்றாகச் சுருங்கும், முகவரியைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், எவ்வளவு பெரிதாக்கினாலும் சட்டென்று திறக்கும்.

"அப்ப அதையே போட வேண்டியதுதானே?" என்றார் அழகர். பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறவர். எல்லாம் அவருக்கு நேர்க்கோடு.

இவ்வளவு பெரிய படத்தை அந்த வடிவத்துக்கு மாற்ற உரிமம் வாங்க வேண்டும். சாரிடம் கேட்டதற்கு, "ஒரு ஊருக்காகவா? ஜேபெக்ல போட்டு ஓட்டும்மா" என்றுவிட்டார்.

ஜூன் 6, வியாழன்

ஓட்டிவிட்டேன்! படத்தின் அளவைப் பாதிக்குப் பாதி, மறுபடி பாதி என்று குறைத்து ஜேபெக்காக மாற்றினேன். ஒரு நொடியில் திறக்கிறது. வட்டம் இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. அளவைக் குறைத்ததும், பெரிய படத்தோடு வந்த முகவரிக் கோப்பு இந்தப் படத்துக்குப் பொருந்தவில்லை. படம் எங்கேயோ சோளக்காட்டு மேல் போய் உட்கார்ந்துகொண்டது. இதற்காகத்தான் எங்கள் சர்வேயர் சங்கரபாண்டி அண்ணன் ஊர்த் தரையில் அங்கங்கே வெள்ளைப் பெருக்கல் குறி போட்டு அளந்து வைத்திருந்தார். சின்னப் படத்தில் அந்தக் குறி ஒன்றுகூடத் தெரியவில்லை. கரைந்தே போய்விட்டன. ஊரில் தெளிவாகத் தெரிந்தவை இரண்டுதான். மேற்கே கோயில், கிழக்கே மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. இரண்டையும் அண்ணன் அளந்திருக்கிறார். கோயிலைப் பிடித்து அதன் புள்ளியில் வைத்தேன், தொட்டியின் உச்சியைப் பிடித்து இழுத்து அதன் புள்ளியில் வைத்தேன். படம் கச்சிதமாக உட்கார்ந்தது.

சார் திரையைப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் மங்கை வேணுங்கிறது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சாயங்காலம் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஜூன் 12, புதன்

வீடுகளை ஆள் போய் அளக்க நேரமில்லையாம். படத்தின் மேலேயே வரைந்துவிடச் சொன்னார் சார். வரைந்தேன். சாலைக்கும் வழி கிடைத்துவிட்டது! கிழக்குத் தெருவில் ஒரு காலி மனை இருக்கிறது, அதற்குள் நுழைந்து போனால் ஒரு வீடும் இடிபடாது. அந்தப் பாவாடைக் கொடி வீட்டைக்கூடத் தொடாமல் தாண்டிப் போகிறது.

எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

ஜூன் 20, வியாழன்

வரைபடங்கள் ஒப்புதலுக்காக நெடுஞ்சாலைத் துறைக்குப் போய்விட்டன. "வீடுகள் பாதிப்பு: இல்லை" என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார் சார்.

ஜூன் 25, செவ்வாய்

மோட்டார் சரியாகி, ஒரு நாள் ஓடி, மறுபடி நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 21, புதன்

சங்கரபாண்டி அண்ணன் கீழநெடுங்கரையிலிருந்து கூப்பிட்டார். சாலையின் நடுக்கோட்டுக்கு இன்று கல் ஊன்றுகிறார்கள்.

"மேடம், நீங்க குடுத்த புள்ளியை மெசின்ல போட்டா அது ஒரு வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போகுது."

"வீட்டுக்குள்ளயா?"

"அடுப்படிக்குள்ள. நான் மெசினைத் தூக்கிட்டு அடுப்பு முன்னாடி நிக்கேன். அந்தம்மா கரண்டியோட நிக்குது."

"மெசின் தப்பா இருக்கும்ணே. திரும்பப் பாருங்க."

"மூணு தடவ பாத்துட்டேன் மேடம். கோயில் பக்கம் எல்லாம் கரெக்டா விழுகுது. கிழக்க வர வரத்தான் இடிக்குது. காலி மனை இந்தா, பக்கத்துல சும்மா கெடக்கு."

மத்தியானம் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

எல்லோரும் போனபின் மூல டிஃப்பைத் திறந்தேன். வட்டம் சுற்றி முடிய வெகுநேரம் ஆனது, நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்துக்கு முகவரி உள்ளேயே இருக்கிறது, அது உட்கார வேண்டிய இடத்தில் தானாக உட்கார்ந்தது. அதன் மேல் சாலைக் கோட்டைப் போட்டேன்.

கோடு வெள்ளைச் சட்டைகளின் நடுவே போகிறது.

ட்ரோன் படத்தின் ஓரங்களில் உயரமான பொருள்கள் சாய்ந்து விழுந்த மாதிரி தெரியும். தொட்டியின் அடி ஓரிடத்தில் இருக்கும், உச்சி தள்ளி இருக்கும். சங்கரபாண்டி அண்ணன் அளந்தது அடியை. ஆகவே வரைபடத்தில் உள்ள படம் கிழக்குப் பக்கத்தில் நகர்ந்திருக்கிறது. ஒரு வீட்டின் அகலத்துக்கு நகர்ந்திருக்கிறது. எப்படி நகர்ந்தது என்று இப்போது ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது?

பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"வரைபடம் ஒப்புதலாகி, நிலம் எடுக்கிற அறிவிப்பு வந்து, காலி மனைக்காரருக்கு நோட்டீசும் போயிருச்சு. இப்பப் போயி படம் நகந்திருச்சுன்னா நம்மளத் தூக்கி வெளிய போட்டுருவாங்க மங்கை. இருபது பேரு சோறு திங்கிற இடம்."

"அந்த வீடு சார்?"

"கல்லு ஊன்றப்ப கொஞ்சம் தள்ளி ஊனச் சொல்லலாம்ல?"

முடியாது என்று அவருக்கே தெரியும். அந்த இடத்தில் சாலை வளைகிறது. ஒரு கல்லைத் தள்ளினால் முன்னும் பின்னும் எல்லாவற்றையும் தள்ள வேண்டும், பாலம் வரைக்கும் மாறும்.

கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமா, அந்தப் படத்தைப் பொருத்துனது யாரு?" என்று கேட்டார்.

ட்ரோன்காரர்கள் கொடுத்தபோதே அப்படித்தான் வந்திருக்கலாம் என்றேன். வந்திருக்கலாம்தானே.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கீழநெடுங்கரைக்குப் போனேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அரை நாள் விடுப்பு போட்டு, சங்கரபாண்டி அண்ணனின் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன்.

வீட்டுக்காரியின் பெயர் வெயிலுகந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை. மகள் சாத்தூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். இரண்டு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறார். மேலிருந்து பார்த்த கொடியைக் கீழிருந்து பார்த்தேன். சட்டைகளில் இன்னும் பட்டன் வைக்கவில்லை.

"வாங்க தாயி. ரோடு போடுறவுகளா? ரோட்டைத்தான் அடுப்படியில வச்சிட்டுப் போயிருக்காக, வந்து பாருங்க."

பார்த்தேன். சிமெண்டுத் தரையில் துளை போட்டு ஆணி அடித்து, சுற்றி மஞ்சள் பெயிண்ட் வட்டம். அதன் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார். கால் இடறுகிறதாம்.

"எனக்கு நோட்டீசே வரல தாயி. பக்கத்து மனைக்காரருக்கு வந்துருக்கு. அவரு சந்தோசமாத் திரியுறாரு. தாலுகாபீசுல போயிக் கேட்டேன். ஒங்க வீடு ரோட்டுக்கு வெளியதானம்மா இருக்கு, எதுக்குப் பயப்படுறீகங்காக. ஆணி உள்ள இருக்கு சாருன்னேன். படத்துல வெளிய இருக்கும்மாங்காக. நான் எந்த வீட்டுல குடியிருக்க, சொல்லுங்க. இந்த வீட்டுலயா, படத்துல உள்ள வீட்டுலயா?"

"சரி பண்ணப் பாக்குறேன்க்கா" என்றேன். எதை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

டீ போட்டுக் கொடுத்தார். வாசலுக்கு அந்தப் பக்கம் தெருவில் சுண்ணாம்பில் போட்ட வெள்ளைப் பெருக்கல் குறி பாதி அழிந்து கிடந்தது. அதைக் காட்டி, "இது என்னத்துக்குப் போட்டாக? நான் எலக்சனுக்கோன்னு நினைச்சேன்" என்றார்.

"மேல இருந்து படம் எடுக்கும்போது இடம் அடையாளம் தெரியணும்ல அக்கா, அதுக்கு."

"தெரிஞ்சுச்சா?"

"பெரிய படத்துல தெரியுது. படத்தைச் சின்னதாக்குனா போயிருது."

"அப்ப குறியப் பெருசாப் போட்டுருக்கணும்ல?" என்று சிரித்தார்.

வரும் வழியெல்லாம் அண்ணன் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். என் காதில் ஒன்றும் விழவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

நிலமெடுப்பு அலுவலகத்தில் ஆட்சேபணை விசாரணை பத்தாம் தேதி. பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் ஆட்சேபணை சொல்லலாம். வெயிலுகந்தாள் பெயர் பட்டியலில் இல்லை. இருந்தாலும் வருவாராம். எங்கள் நிறுவனத்தின் சார்பில் என்னைப் போகச் சொல்லியிருக்கிறார் சார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வந்துரு."

செப்டம்பர் 9, திங்கள்

மூல டிஃப்பை ஒரு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துக் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன். சாருக்குத் தெரியாது. அதன் மேல் சாலைக் கோட்டையும் போட்டு வைத்திருக்கிறேன். ஒருவர் திறந்து பார்த்தால் போதும், யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. படமே சொல்லிவிடும்.

அழகர், "வாயால சொல்றதை விட்டுட்டு எதுக்கு டப்பாவைத் தூக்கிட்டுப் போற?" என்றார். வாயால் சொன்னால் யார் நம்புகிறார்கள் என்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

நாற்பது ஜிபியை அந்த அலுவலகத்துக் கணினியில் செருகினேன். அது ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கணினி.

வட்டம்.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர்தான். எரிந்து விழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். வெளியே நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெயிலுகந்தாள் என் பக்கத்தில் நின்றுகொண்டு, வட்டம் நின்றதும் தன் வீடு வரப்போகிறது என்று திரையையே பார்த்தார். நல்ல புடவை கட்டி வந்திருந்தார். திரை வெள்ளையாகி, பிறகு கறுப்பாகி, கணினி தானே அணைந்து தானே எழுந்தது. இரண்டாம் முறையும் அப்படியே.

"இதைக் கொஞ்சம் சின்னதாக்கி மெயில்ல அனுப்புங்கம்மா. ஒரு வாரம் டைம் தர்றேன்" என்றார் அதிகாரி. "ஆனா ஒண்ணு கேக்குறேன். ஒப்புதல் வாங்குன வரைபடத்துல ஒரு மாதிரி இருக்கு, நீங்க இப்பக் காட்டுறது வேற மாதிரிங்கிறீங்க. ரெண்டும் உங்க ஆபீஸ் படம்தான். இது எப்படி நகந்துச்சு? யாரு நகத்துனா?"

வெயிலுகந்தாளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சாஃப்ட்வேர்ல சில சமயம் அப்படி ஆகும் சார்" என்றேன்.

"சாஃப்ட்வேர்னு எழுதி நான் கையெழுத்துப் போட முடியாதேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பஸ் நிலையத்தில் வெயிலுகந்தாள் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். "ஒங்களுக்கு மூஞ்சியே சரியில்ல தாயி. குடிங்க" என்றார். அவர் எனக்கு.

செப்டம்பர் 12, வியாழன்

மெயிலில் போகும் அளவு இருபத்தைந்து எம்பி. அவ்வளவுக்குச் சுருக்கினால் அவர் வீட்டுக் கல்நார்க் கூரையும் கரிசல் மண்ணும் ஒரே சாம்பல். கொடியைக் காணோம். வீடு என்று நான்தான் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 13, வெள்ளி

அந்த வீட்டை மட்டும் வெட்டி, ஒரு புள்ளியும் குறையாமல், கோட்டோடு அனுப்பினேன். சட்டையெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. நல்ல யோசனை, முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். நிம்மதியாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 16, திங்கள்

பதில் வந்தது. தனித் துண்டை ஏற்க இயலாதாம். அது எந்த ஊரின் எந்த வீடு என்று துண்டிலிருந்து தெரியவில்லையாம். முழுத் தாளாக அனுப்பவும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

முழுத் தாளாக அனுப்பினேன். பிஎன்ஜி, ஜேபெக், பிடிஎஃப் என்று மூன்று வடிவத்தில். மூன்றாவதற்குக் கெஞ்சல் மாதிரி ஒரு குறிப்பும் எழுதினேன்.

செப்டம்பர் 19, வியாழன்

"படம் தெளிவாக இல்லை. உங்கள் நிறுவனத் தலைவரின் ஒப்பமிட்ட விளக்கத்துடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்."

இந்தப் பதிலின் நகல் ஞானதுரை சாருக்கும் போயிருக்கிறது. கூப்பிட்டுத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார், பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ட்ரோன் பையன்களுக்கு இனி வேலை கிடையாது என்று சார் சொல்லிவிட்டார். நகர்ந்த படத்தைக் கொடுத்தவர்களாம். அந்தக் குழுவில் மூத்தவன் ஹபீப் என்னைக் கூப்பிட்டான். "மேடம், நாங்க கரெக்டாத்தான குடுத்தோம்? நீங்க கொஞ்சம் சாருகிட்ட சொல்லுங்க மேடம்" என்றான். சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

சார் இன்று வேறு வேலையில் இருந்தார். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 7, திங்கள்

மழை. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிறது, மோட்டார் இல்லாமலே.

அக்டோபர் 30, புதன்

நாளைக்குத் தீபாவளி. சங்கரபாண்டி அண்ணன் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். வெயிலுகந்தாள் கொடுத்துவிட்டாராம். உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பிளவுஸ்.

"பாத்த கண்ணளவுல தச்சது. இறுக்கிப் பிடிச்சா கொண்டாரச் சொல்லுங்க, உள்ள துணி விட்டுருக்கேன், பிரிச்சு விட்டுருதேன்னு சொன்னாக மேடம்."

வீட்டில் போட்டுப் பார்த்தேன். தோள்பட்டையில் பிடிக்கிறது. கையைத் தூக்க முடியவில்லை. கண்ணளவு அவருக்கும் தப்புகிறது என்று ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. பிறகு கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். உள்ளே புரட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குத் துணி மடித்து விட்டிருக்கிறார்.

"புதுத் துணிய வச்சிக்கிட்டு எதுக்கு அழுகுற?" என்றார் அழகர்.

இறுக்கமாக இருக்கிறது என்றேன்.

நவம்பர் 20, புதன்

பிளவுஸைப் பிரித்துத் தைக்கக் கொண்டுபோக வேண்டும். இந்த வாரம் வேலை அதிகம்.

டிசம்பர் 11, புதன்

துணைப் பட்டியல் ஒன்று வருமாம். விடுபட்ட வீடுகளை அதில் சேர்ப்பார்களாம். சங்கரபாண்டி அண்ணன் கேள்விப்பட்டது. எனக்கு உயிர் வந்தது. உடனே வெயிலுகந்தாளுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"எப்ப வரும் தாயி?"

"சீக்கிரம் வந்துரும்க்கா."

"ஜேசிபி வந்துருச்சே தாயி. கோயில் பக்கம் தோண்டிக்கிட்டு இருக்காக. சத்தம் இங்கன கேக்குது."

ஜனவரி 28, செவ்வாய்

துணைப் பட்டியல் வரவில்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். மேலே என்றார்கள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று காலை இடித்துவிட்டார்கள்.

சங்கரபாண்டி அண்ணன் அங்கே இருந்தார். "சாலை எல்லைக்குள்ள இருக்குன்னுட்டாக மேடம். படத்துல வெளிய இருக்குன்னு அந்தம்மா காகிதத்தைக் காட்டுச்சு. காண்ட்ராக்டர் ஆளு ஆணியைக் காட்டுனாரு. தையல் மெசினை நானும் இன்னொரு ஆளுமாத் தூக்கி வெளிய வச்சோம். சட்டையெல்லாம் மடிச்சு எடுத்துக்கிட்டாக. அழுகல. அதான் மேடம் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

"எங்க போனாங்க?"

"மக சாத்தூர்ல இருக்குல்ல. மருமகன் வீடு சின்னது. பாப்போம்னு சொன்னாக."

என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அண்ணனே சொன்னார். "அந்த பிளவுசு சரியா இருந்துச்சான்னு ஒங்ககிட்டக் கேக்கச் சொன்னாக."

சரியாக இருந்தது என்று சொல்லச் சொன்னேன்.

பிப்ரவரி 19, புதன்

விடுப்பு. படுத்தே கிடந்தேன். எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

மார்ச் 12, புதன்

நிறுவனம் ஒருவழியாக ஈசிடபிள்யூ உரிமம் வாங்கிவிட்டது. இன்னும் இரண்டு சாலை வேலை கிடைத்திருக்கிறதல்லவா. "நீ அன்னிக்கே கேட்ட மங்கை" என்று சார் சிரித்தார். முகவரி இனிமேல் படத்தின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். எதையும் பிடித்து இழுக்க வேண்டியதில்லை.

முதல் படமாகக் கீழநெடுங்கரையே வந்தது. மண்வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று காட்ட, புது ட்ரோன் குழு போன வாரம் எடுத்தது. டிஃப், முப்பத்தெட்டு ஜிபி. சுருக்கி இன்றைக்கே எல்லோருக்கும் அனுப்ப வேண்டும்.

திறந்தேன். வட்டம் சுற்றும்போதே எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். உட்கார்ந்திருந்தேன். மேற்கே கோயில் வந்தது, சிவப்பு மண் போட்ட சாலை வந்தது, சாலை கிழக்கே வளைந்து வந்து ஓரிடத்தில் நின்றது. அதற்கு அப்பால் இன்னும் மண் கொட்டவில்லை. அங்கே ஒரு வீட்டின் தரை மட்டும் கிடந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை. அடுப்பு மேடை இருந்த இடத்தில் கறுப்பு. கொடிக்கம்பு ஒன்று சாய்ந்து கிடந்தது.

தரையில் ஒரு வெள்ளைப் பெருக்கல் குறி. மூலைக்கு மூலை, சுண்ணாம்பில், தரை முழுக்க.

சங்கரபாண்டி அண்ணனுக்குப் போன் போட்டேன். "நாங்க போடல மேடம். ட்ரோன் எடுக்க வாராகன்னு கேள்விப்பட்டு சாத்தூர்ல இருந்து அந்தம்மாவே பஸ்ஸுல வந்து போட்டுட்டுப் போச்சாம். வாளி நிறைய சுண்ணாம்பு" என்றார்.

ஐந்துக்கு ஒன்று என்று சுருக்கினேன். கொடிக்கம்பு போய்விட்டது. பத்துக்கு ஒன்று. அடுப்புக் கறுப்பு போய்விட்டது. இருபதுக்கு ஒன்று. தரையும் மண்ணும் ஒன்றாகிவிட்டன. குறி அப்படியே இருக்கிறது. ஜேபெக்கில் போட்டும் பார்த்துவிட்டேன், பாதிக்குப் பாதி, மறுபடி பாதி. போகவில்லை.

சார் பின்னால் வந்து நின்றார். "அங்க என்னம்மா வெள்ளையா? நம்ம சர்வே குறியா?"

"இல்ல சார்."

"அப்ப யாரு போட்டது?"

"வெயிலுகந்தாள்" என்றேன்.

"அது யாரு?"

சொல்ல ஆரம்பித்தேன். தொட்டியிலிருந்து ஆரம்பித்தேன். "சார், அந்தத் தண்ணித் தொட்டி இருக்குல்ல, ஜூன் மாசம் நான்" என்பது வரை வந்துவிட்டது. அவருடைய போன் அடித்தது. "அனுப்பிரு, அனுப்பிரு" என்று கையைக் காட்டிவிட்டுப் பேசிக்கொண்டே உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

படத்தைக் குறியோடு அனுப்பினேன். துறைக்கு, காண்ட்ராக்டருக்கு, தாலுகா அலுவலகத்துக்கு, அந்த நல்ல அதிகாரிக்கு. இருபதுக்கு ஒன்று, ஈசிடபிள்யூ. சாயங்காலத்துக்குள் எல்லோரிடமிருந்தும் பதில் வந்துவிட்டது. படம் உடனே திறந்ததாம், மிகத் தெளிவாக இருக்கிறதாம், நன்றியாம்.

ஒருவர்கூட எதுவும் கேட்கவில்லை.